கைக்குள் ஒரு முட்டை: மின்னணுச் செல்லப்பிராணி பொம்மை எப்படி இயங்குகிறது, எப்படிப் பார்த்துக்கொள்வது

சித்திரைத் திருவிழாக் கடைகளில் வாங்கிய பலூன் இரண்டு நாளில் சுருங்கிவிடும், ஊதல் ஒரு வாரத்தில் காணாமல் போகும். முட்டை வடிவத்தில், சங்கிலியோடு, தபால்தலை அளவு திரையும் மூன்று பட்டனுமாக வரும் சின்னப் பொம்மை மட்டும் வீட்டில் தங்கிவிடும். தங்குவது மட்டுமில்லை, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் 'பீப் பீப்' என்று கூப்பிடவும் செய்யும். பசிக்கிறதாம்.

தொண்ணூறுகளில் வந்து போனதாக எல்லோரும் நினைத்த இந்தப் பொம்மை இப்போது திரும்பவும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. இணையத்தில் விலை கூடிய ஜப்பானிய அசல் கிடைக்கிறது. கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு நகல் கிடைக்கிறது. பெற்றோருக்குத்தான் குழப்பம். இதை ஏன் ஆஃப் செய்ய முடியவில்லை? பேட்டரி செல்லைக் கழற்றியதும் பிள்ளை ஏன் அப்படி அழுகிறது? 'செத்துப்போச்சு' என்றால் பொம்மை கெட்டுவிட்டது என்று அர்த்தமா? சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை வைத்திருக்கலாமா?

இந்த நான்கு கேள்விக்கும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான். இது பொம்மை வேடம் போட்ட கடிகாரம்.

முட்டையும் வாட்ச்சும்

இந்த வகைப் பொம்மையைப் பிரபலமாக்கியது ஜப்பானின் பண்டாய் நிறுவனம். 1996 நவம்பர் 23 அன்று அங்கே விற்பனைக்கு வந்தது 'தமகோச்சி'. ஜப்பானிய மொழியில் 'தமகோ' என்றால் முட்டை. அதோடு 'வாட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் உச்சரிக்கும் விதத்தை ஒட்டவைத்தார்கள். முட்டை வாட்ச். பெயரிலேயே விஷயம் வெளியாகிவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

உருவாக்கியவர்களாக இருவரைச் சொல்கிறார்கள்: பண்டாயில் இருந்த அகி மாயிதா, விஸ் என்ற நிறுவனத்தின் அகிஹிரோ யோகோய். 1997 மே மாதம் பொம்மை அமெரிக்காவுக்குப் போனது. அதே ஆண்டு இருவருக்கும் பொருளாதாரத்துக்கான 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. அது நோபலைக் கிண்டல் செய்யும் பரிசு. லட்சக்கணக்கான மனித உழைப்பு நேரத்தை இல்லாத பிராணியை வளர்ப்பதில் திருப்பிவிட்டதற்காக என்று காரணம் சொன்னார்கள். கிண்டல்தான், ஆனாலும் கணக்கு தப்பவில்லை. இதுவரை பத்து கோடிக்கும் மேல் அனுப்பியிருப்பதாக 2025இல் பண்டாய் அறிவித்தது.

அதே 1997இல் போட்டிக்கு ஜிகா பெட்ஸ், நானோ பெட்ஸ் என்று வரிசையாக வந்தன. சண்டை போடும் பிராணியாக டிஜிமானைப் பண்டாயே இறக்கியது. பின்னாலேயே பெயரில்லாத நகல்களும் வந்தன. '168 இன் 1' என்று அட்டையில் அச்சிட்டு வருகிறதே, அந்த வம்சம். நாய், பூனை, டைனோசர் என்று 168 பிராணி இருப்பதாகச் சொல்லும். படம்தான் மாறும். பசி, விளையாட்டு, கழிவு, தூக்கம் என்ற வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் உள்ள கைக்கடிகார ரிப்பேர்க் கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் திறந்து காட்டிவிடுவார். பின்புறத்தில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ மூன்றோ நான்கோ இருக்கும். மூடியைத் தூக்கியதும் பச்சைப் பலகை. அதன் நடுவில் தாரை ஒரு சொட்டு விட்டதுபோல் கறுப்பாக ஒரு மேடு. சிப் அதற்குள் இருக்கிறது. பட்டன்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு, அதில் கறுப்புக் கரிப் பொட்டுகள். ஒரு ஓரத்தில், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளி நிற உருளை ஒன்று. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அவருக்கு அது புதிது இல்லை. தினமும் குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் பார்க்கும் படிகம் அது.

அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். வினோதமான எண்ணாகத் தெரியலாம். பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது தடவையில் 1 வரும். அதாவது ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு. கையில் கட்டும் வாட்ச் அந்தத் துடிப்பை வைத்து முள்ளை நகர்த்துகிறது. இந்தப் பொம்மை அதே துடிப்பை வைத்துப் பசியை ஏற்றுகிறது.

முதல் தமகோச்சியில் இருந்தது எப்சன் நிறுவனத்தின் 4 பிட் சிப். இன்றைய செல்போனோடு ஒப்பிட்டால் எறும்பு. திரையில் குறுக்கே 32, நெடுக்கே 16 என்று மொத்தம் 512 புள்ளிகள். கண், வாய், வால் எல்லாம் அதற்குள்தான். மலிவான நகல்கள் சிலவற்றில் அந்தப் படிகமும் இருக்காது. காசை மிச்சம் பிடிக்க மின்தடையை வைத்தே துடிப்பை ஒப்பேற்றியிருப்பார்கள். அப்படிப்பட்டதில் மணி நாளுக்கு நாள் பிசகும். கூடவே பிராணியின் தூக்க நேரமும் பிசகும். 'நடுராத்திரியில் எழுந்து கத்துகிறது' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

பசி என்பது ஒரு எண்

அசல் தமகோச்சியை எடுத்துக்கொள்வோம். நகல்களில் பெயர் மாறலாம், முறை ஏறக்குறைய இதுதான்.

1. நேரத்தைப் பதிந்ததும் முட்டை ஆடத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் பொரியும்.

2. பசிக்கு நான்கு இதயம், சந்தோஷத்துக்கு நான்கு இதயம். நேரம் ஓட ஓட இதயம் ஒவ்வொன்றாகக் காலியாகும். குஞ்சாக இருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒன்று போகும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் நம்மை உட்காரவே விடாது. வளர்ந்த பிறகு மெதுவாகக் குறையும்.

3. ஏதாவது ஒரு வரிசை முழுக்கக் காலியானால் சத்தம் வரும், 'கவனி' என்ற குறி எரியும். சுமார் கால் மணி நேரம் அவகாசம். அதற்குள் வந்து நிரப்பாவிட்டால் உங்கள் பெயரில் ஒரு தவறு பதிவாகும். இந்தத் தவறு திரையில் எங்கும் காட்டப்படாது. உள்ளுக்குள் ஒரு எண் கூடும்.

4. ஒரு நாள் அதற்கு ஒரு வயது. குறிப்பிட்ட வயதில் அடுத்த பருவம். அப்போது சிப் இரண்டு எண்களைப் பார்க்கும்: எத்தனை தவறு, எவ்வளவு ஒழுக்கம். அதை வைத்துப் பட்டியலில் இருந்து ஒரு உருவத்தை எடுக்கும். நன்றாகப் பார்த்திருந்தால் மாமெச்சி, அலட்சியமாக இருந்தால் தாராகோச்சி. அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலை குறைவு.

ஒழுக்கம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட நுட்பமான பகுதி அது. சில சமயம் பிராணி காரணமே இல்லாமல் கூப்பிடும். போய்ப் பார்த்தால் வயிறு நிறைந்திருக்கும், சந்தோஷம் நிறைந்திருக்கும், நோயும் இருக்காது. சும்மா அழைப்பு. அந்த நேரத்தில் தின்பண்டம் கொடுத்துச் சமாதானம் செய்யக் கூடாது. கண்டிக்கும் குறியை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒழுக்க அளவு ஏறும். விட்டுவிட்டால் ஏறாது. ரொம்பச் செல்லம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பாட்டி சொல்வதை 4 பிட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை நம்பி ஏற்பதா வேண்டாமா என்பது வேறு விவாதம். பொம்மைக்குள் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஆகவே 'எங்கள் பிராணி மட்டும் ஏன் அசிங்கமாக வளர்ந்தது?' என்று பிள்ளை கேட்டால், பள்ளியில் இருந்த நேரத்தில் சேர்ந்த தவறுகள்தான் பதில். அடுத்த சிக்கலும் அங்கேதான்.

பள்ளிக்கூட நேரம் என்ற சிக்கல்

பழைய வகைப் பிராணி இரவு எட்டு முதல் பத்து மணிக்குள் தூங்கும், காலை ஒன்பது மணி வாக்கில் எழும். சரியாக நம் பிள்ளைகள் வகுப்பில் உட்காரும் நேரம். 1997இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பள்ளிகள் இதற்குத் தடை போட்டதற்குக் காரணம் இதுதான். மேசைக்கு அடியில் கோழி கத்தினால் எந்த ஆசிரியர் பொறுப்பார்?

கடிகாரத்தை மாற்றி வைத்தால் தீராதா? பலருக்கும் தோன்றும் யோசனை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பிராணி விழித்திருப்பது பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறது, பத்து மணிக்குத் தூங்குகிறது. பொம்மையில் நேரத்தைச் சரியாக வைத்தால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எட்டு மணி நேரம் கவனிக்க ஆளில்லை. சரி, எட்டு மணி நேரம் பின்னால் வைப்போம். இப்போது பிராணி மாலை ஐந்து மணிக்கு எழும், விடிகாலை ஐந்துக்குத் தூங்கும். பள்ளி நேரம் தப்பித்தது. இரவு பத்திலிருந்து ஐந்து வரை ஏழு மணி நேரம் மாட்டிக்கொண்டது. வீடு முழுக்கத் தூக்கம் கெடும், அல்லது பிராணி பட்டினி கிடக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் போர்வை காலுக்குப் போதாது.

வேலைக்கு ஆகும் வழி வேறு: கடிகாரத்தையே நிறுத்திவிடுவது. பழைய மாடல்களில் நேரம் மாற்றும் திரைக்குள் போய், மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டால் நேரம் ஓடாது. நேரம் ஓடாவிட்டால் பசியும் ஏறாது, வயதும் ஏறாது. உற்பத்தியாளர் நிறுத்துவதற்கென்று தனிப் பட்டன் வைக்காத குறையை நேரம் வைக்கும் திரை தீர்த்துவிடுகிறது. பின்னாளில் வந்த பல மாடல்களில் நிறுத்தி வைக்கவோ, பிராணியைத் திரைக்குள்ளேயே இருக்கும் பராமரிப்பவரிடம் விட்டுப் போகவோ வசதி உண்டு. கையேட்டைப் பார்க்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது நேரத்தைச் சரிசெய்வதை மட்டும் மறக்கக் கூடாது.

வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வதும் ஒரு வழி. நம்மூரில் இது புதுப் பழக்கம் இல்லை. மேலூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் 'கோழியைக் கொஞ்சம் பார்த்துக்கங்க அத்தாச்சி' என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா? 1997இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அலுவலகம் போகும் தாய்மார்கள் கைப்பையில் பொம்மையோடு போனதாகப் பத்திரிகைகள் எழுதின. இங்கே அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தாத்தா தலையில்தான் விடியும். அவருக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்பதுதான் பிரச்சினை.

தினசரி என்ன செய்வது

நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

1. பசிக்குச் சோறு, சந்தோஷத்துக்கு விளையாட்டு. தின்பண்டம் கொடுத்தாலும் சந்தோஷம் ஏறும், ஆனால் எடையும் ஏறும். தின்பண்டம் மிதமிஞ்சினால் நோய் வரும். அசலில் விளையாட்டு என்பது இடமா வலமா என்று ஊகிப்பது. ஐந்தில் மூன்று சரியானால் வெற்றி. விளையாடினால் எடை குறையும்.

2. கழிவை உடனே அகற்ற வேண்டும். கிடக்கவிட்டால் நோய்.

3. மண்டையோட்டுக் குறி வந்தால் மருந்து. ஒரு தடவை கொடுத்துக் குறி போகாவிட்டால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். பலர் ஒன்றோடு நிறுத்திவிட்டுப் 'பொம்மை ரிப்பேர்' என்கிறார்கள்.

4. தூங்கியதும் விளக்கை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் அதுவும் ஒரு தவறாகச் சேரும்.

5. சத்தத்தை நிறுத்தும் வழி அசலில் உண்டு. நகல்கள் சிலவற்றில் கிடையாது. வாங்கும்போதே கடைக்காரரை அழுத்திக் காட்டச் சொல்வது நல்லது.

செல் மாற்றும்போது

பொம்மையின் பின்புறத்திலோ செல் மூடியின் உள்ளேயோ எந்தச் செல் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: 'எல்ஆர்44', 'சிஆர்2032', அல்லது ரிமோட்டுக்குப் போடும் சின்ன 'ஏஏஏ'. 2023இல் வந்த தமகோச்சி யூனி மாதிரி சிலவற்றில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி.

எல்ஆர்44 என்பது 1.5 வோல்ட் காரச் செல். 'ஏஜி13' என்று கடையில் கேட்டாலும் இதுவேதான். சிஆர்2032 என்பது 3 வோல்ட் லித்தியம் செல். அதன் பெயரே அதன் அளவு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் காசின் அகலம். இந்த ஒப்பீட்டை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

செல் தீரப்போவதற்கு அடையாளம் திரை மங்குவது மட்டும் இல்லை. பீப் சத்தம் வரும்போது திரை ஒரு கணம் அணைந்து, பொம்மை முதலிலிருந்து தொடங்கினால் செல் முடிந்துவிட்டது என்று பொருள். சத்தம் எழுப்பும் துண்டுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். களைத்த செல்லில் அந்த நொடி வோல்ட் சரியும், சிப் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழும்.

இப்போது பிள்ளை அழுவதன் காரணத்துக்கு வரலாம். பழைய வகைகளிலும் பெரும்பாலான நகல்களிலும் பிராணியின் வயது, பசி, தவறு எல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவகத்தில் நிற்கும். செல்லைக் கழற்றினால் கரும்பலகையைத் துடைத்த மாதிரி. பின்னாளில் வந்த மாடல்கள் பலவற்றில் மின்சாரம் இல்லாமலும் தங்கும் நினைவகம் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் பழைய வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே செல் மாற்ற ஏற்ற நேரம், ஒரு பிராணியின் காலம் முடிந்து அடுத்த முட்டை வருவதற்கு முன்பு. 'சத்தம் தாங்கவில்லை' என்று கோபத்தில் செல்லைப் பிடுங்கும் அப்பாக்கள் பன்னிரண்டு நாள் வளர்ப்பை ஒரு நொடியில் அழிக்கிறார்கள் என்பதை அறிந்து செய்யட்டும்.

இரண்டு செல் போடும் பொம்மையில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பழையது முதலில் வற்றும், புதியது அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளும், பழையது கசியும். கசிந்த காரச் செல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போய்த் தகட்டில் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்க:

1. கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு செல்லை எடுக்கவும்.

2. காது குடையும் பட்ஸின் நுனியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு தொட்டு, பூத்த இடத்தில் மட்டும் ஒத்தவும். காரத்தை அமிலம் அடக்கும். நுரைத்தால் பயப்பட வேண்டாம்.

3. வேறு பட்ஸில், செல்போன் ரிப்பேர்க்காரர்கள் ஐ.பி.ஏ. என்று சொல்லும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விடவும். அமர்ந்துபோன பட்டனுக்கும் இதே மருந்துதான்: ரப்பர் விரிப்பின் கரிப் பொட்டையும் அதற்கு எதிரே உள்ள தகட்டையும் மெல்லத் துடைத்தால் உயிர் வரும். கரியைச் சுரண்டிவிடக் கூடாது.

விடுமுறைக்குப் பிறகு பெட்டியில் போட்டு வைப்பதானால் செல்லைக் கழற்றிவிட்டு வைப்பதே நல்லது. தொண்ணூறுகளின் பொம்மைகள் பல பழுதானது விளையாடி இல்லை, உள்ளேயே விட்ட செல் கசிந்து.

வெயிலும் திரையும்

கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தாண்டுவது எல்லா ஆண்டும் நடப்பது. மூடிய காருக்குள்ளும் பைக்கின் முன்பையிலும் அதற்கு மேலேயே இருக்கும். அப்படி வைத்த பொம்மையைத் திரும்ப எடுத்தால் திரை முழுக்கக் கறுப்பு. உடனே குப்பையில் போட வேண்டாம். திரைக்குள் இருப்பது திரவப் படிகம். அதன் மூலக்கூறுகள் ஒரு திசையில் அடுக்கி நிற்பதால்தான் எழுத்தும் வெற்றிடமும் பிரிந்து தெரிகின்றன. ஒரு அளவுக்கு மேல் சூடானால் அந்த அடுக்கு குலைந்து சாதாரணத் திரவமாகிவிடும். நிழலில் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் பழையபடி ஆகும். ஃப்ரிட்ஜில் வைப்பது தப்பு, ஈரம் உள்ளே கோத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறாகக் கொடைக்கானல் குளிரில் திரை மந்தமாக, படம் இழுத்துக்கொண்டு நகரும். அதுவும் கோளாறு இல்லை.

திரையில் ஒரு வரி மட்டும் காணாமல் போவது வேறு வியாதி. பலகையையும் கண்ணாடியையும் இணைக்கும் வரிவரியான ரப்பர் பட்டை தளர்ந்திருக்கும். கீழே விழுந்த பிறகு இது அதிகம். ஸ்க்ரூவை முறுக்கினாலே பல சமயம் சரியாகிவிடும். வாட்ச் ரிப்பேர்க்காரருக்குப் பழக்கமான வேலை.

உண்மையான ஆபத்து

பிராணி செத்தால் பட்டனை அழுத்தினால் போதும். காசு வடிவச் செல் அப்படி இல்லை. இந்தப் பொம்மையைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்.

சிஆர்2032 போன்ற செல்லைச் சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சிக்கியதும் ஈரமான சதை இரு முனைகளையும் இணைக்கும். மின்சாரம் பாயும். எதிர்முனை பக்கம் உள்ள ஈரத்தில் காரம் உருவாகும், சதையை அரிக்கும். செல்லுக்குள் இருப்பது கசிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் உண்டாகலாம். நீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்பதால் பொம்மைக்குப் போதாது என்று நாம் கழற்றி எறிந்த 'தீர்ந்த' செல்லும் இதைச் செய்யும். ஜன்னல் ஓரத்தில் கிடக்கும் பழைய செல்லும் ஆபத்துதான், அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்:

1. அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். எச்சில் வடிவது, இருமல், சாப்பிட மறுப்பது எல்லாம் சளித் தொல்லை மாதிரியே இருக்கும். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம்.

2. வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளும் வழக்கமான வைத்தியம் இங்கே கூடாது. கீழே நான்காவதில் வரும் தேனைத் தவிர, சோறு, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

3. 108ஐ அழைக்க வேண்டும், அல்லது நேராக உள்நோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடம். தெருமுனைக் கிளினிக்கில் வரிசையில் உட்காரும் நேரம் இல்லை இது.

4. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் செல்லைச் சுற்றிப் படிந்து அரிப்பைத் தாமதப்படுத்தும். குணமாக்காது. தேன் தேடிக் கடைக்குப் போய் நேரம் கழிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

5. பொம்மையையோ செல் அட்டையையோ கையோடு எடுத்துப் போகவும். எக்ஸ்ரேயில் செல் காசு மாதிரியே தெரியும். ஓரத்தில் இரட்டை வளையம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிவார்கள். 'காசைத்தான் முழுங்கியிருப்பான்' என்று நாமே முடிவு செய்வது அந்த வேலையைக் கெடுக்கும்.

மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டாலும் அவசரம்தான். சொட்டு மருந்து விடக் கூடாது, ஈரம் அரிப்பைக் கூட்டும்.

கழற்றிய செல்லின் இரு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் டப்பாவில் போட்டு, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். புதுச் செல் அட்டையையும் அதே உயரத்தில்.

வாங்கும்போது

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். மின்சாரத்தில் ஓடும் பொம்மைக்கு உரிய தரம் ஐ.எஸ். 15644. முத்திரைக்குப் பக்கத்தில் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்க்கலாம். சித்திரை வீதியில் தட்டில் குவித்து விற்பதில் முத்திரை தேடினால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அங்கே பார்க்க வேண்டியது செல் மூடியை. ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் வாங்கலாம். நகத்தால் தள்ளினாலே திறக்கிற மூடி என்றால், தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

செத்துப்போனால்

எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் பிராணி ஒருநாள் போய்ச் சேரும். அது பழுது இல்லை, எழுதி வைத்த முடிவு. அந்த முடிவை எப்படிக் காட்டுவது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் வைத்தார்கள். ஜப்பானிய முதல் பதிப்பில் கல்லறையும் ஆவியும் வரும். அமெரிக்கப் பதிப்பில் அதை மாற்றிச் சிறகு முளைத்த தேவதையாக்கினார்கள். பிள்ளைகள் இரண்டுக்கும் அழுதார்கள்.

512 புள்ளிக்காக அழுவதா என்று பெரியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இயந்திரத்தின் மேல் இப்படி ஒட்டுதல் வருவதற்குத் 'தமகோச்சி விளைவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது பிள்ளைகளோடு நிற்பதும் இல்லை. சோனி நிறுவனத்தின் ஐபோ என்ற இயந்திர நாய் 1999இல் வந்தது. உதிரிபாகமும் சர்வீஸும் நின்ற பிறகு, பழுதான நாய்களுக்கு ஜப்பானின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி புத்தர் கோயிலில் இறுதிச் சடங்கே செய்தார்கள். கோயில் காளை இறந்தால் மாலை போட்டு, மேளம் அடித்து, ஊர்கூடி அடக்கம் செய்யும் நமக்கு அது அவ்வளவு விநோதமாகத் தெரிய வேண்டியதில்லை. காளைக்கு உயிர் இருந்தது, இதற்கு இல்லை என்பது சரிதான். ஆனால் பிள்ளை தினமும் எழுந்து சோறு போட்டது, விளக்கணைத்தது எல்லாம் நிஜமாகவே செய்த வேலை. அழுகை அந்த வேலைக்காக வருகிறது. 'வெறும் பொம்மைதானே' என்ற பதில் அங்கே எடுபடாது. எத்தனை வயது வரை வந்தது, எந்த உருவம் எடுத்தது என்று கேட்டால் பிள்ளை சொல்லத் தொடங்கும்.

அழுகை ஓய்ந்த பிறகு, அசல் பழைய மாடல் என்றால், இரு ஓரத்துப் பட்டன்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். சில நகல்களில் பின்னாலுள்ள சிறு துளையில் குண்டூசியால் அழுத்த வேண்டியிருக்கும். செல்லை மாற்றுவதானால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். புது முட்டை ஆடத் தொடங்கும். பொரிய ஐந்து நிமிடம், அதன் பிறகு முதல் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆகையால் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அழுத்த வேண்டாம், சனிக்கிழமை காலை வசதி.